எசானா சிலுவையைப் பிடித்தது பக்தியாலா, வியாபாரக் கணக்காலா?

நாணயப்பித்தன்
அக்சூம் (இன்றைய வட எத்தியோப்பியா, எரித்திரியா) அரசன் எசானா 4ஆம் நூற்றாண்டின் நடுவில் கிறிஸ்தவனானதை ஏதோ ஞானோதயம் போல எழுதுகிறார்கள். அக்சூமின் செங்கடல் துறைமுகமான அடுலிஸின் வரவுசெலவைப் பார்த்து எடுத்த முடிவு அது என்பது என் கட்சி. முதல் சாட்சி காசு. 3ஆம் நூற்றாண்டின் கடைசியில் எண்டுபிஸ் என்ற அரசன் பொன், வெள்ளி, வெண்கலம் மூன்றிலும் காசு அடிக்கத் தொடங்கினான். பொற்காசு சுமார் 2.7 கிராம், அரசன் தலைக்கு மேலே பழைய மதச் சின்னமான வட்டும் பிறையும். எசானா காலத்தில் எடை 1.6 கிராம் அளவுக்கு இறங்குகிறது, பிறை இருந்த இடத்துக்குச் சிலுவை வருகிறது. ரோமப் பேரரசன் கான்ஸ்டன்டைனின் சாலிடஸ் என்ற பொற்காசு ஒரு ரோமப் பவுண்டுக்கு 72; ஒன்று சுமார் 4.5 கிராம். அதில் மூன்றில் ஒரு பங்கைப் போட்டுப் பாருங்கள். எடையை ரோமுக்கு ஒத்துப்போக வைத்தவன் சின்னத்தையும் ஒத்துப்போக வைத்தான், அவ்வளவுதான்.

பொற்காசில் எழுத்து பெரும்பாலும் கிரேக்கம். அக்சூம் இருக்கும் திக்ரே மலைநாட்டு உழவனுக்காகவா கிரேக்கத்தில் அடித்தார்கள்? ஏமனின் அல்-மதாரிபா புதையலில் 1,194 பொற்காசுகள். 868 அக்சூம், 326 ரோம். இரண்டும் ஒன்றாகப் புழங்கின என்பதற்கு இதற்கு மேல் என்ன வேண்டும்?

மதம் வந்த வழியும் அதேதான். திருச்சபை வரலாற்றாசிரியர் ருஃபீனுஸ் எழுதியபடி, தீர் (இன்றைய லெபனானில் உள்ளது) நகரத்துச் சிறுவன் ஃப்ருமென்டியஸ் வந்த கப்பல் தண்ணீர் பிடிக்கக் கரை ஒதுங்கியபோது பிடிபட்டான். அரண்மனையில் வளர்ந்து கணக்கும் கருவூலமும் பார்த்தான். அரசன் இறந்து, இளவரசன் சிறுவனாக இருந்த காலத்தில், அங்கே தங்கியிருந்த ரோம வணிகர்களைத் தேடிப்பிடித்து அவர்களுக்கு வழிபாட்டிடம் அமைத்துக் கொடுத்தான். முதல் கோயில் யாருக்கு? வியாபாரிகளுக்கு.

கல்வெட்டு ராஜி
அப்படியானால் 356ஐ ஒட்டி நடந்ததை எங்கே வைப்பீர்கள்? ஃப்ருமென்டியஸுக்கு ஆயர் பட்டம் கொடுத்தவர் எகிப்தின் அலெக்ஸாந்திரியாவில் ஆயராக இருந்த அத்தனாசியுஸ். ரோமப் பேரரசன் இரண்டாம் கான்ஸ்டான்டியுஸுக்கு அவரைக் கண்டாலே ஆகாது. அந்த ஆண்டுதான் அவரைத் துரத்திவிட்டான்; அவர் இடத்துக்குத் தன் ஆள் ஜார்ஜைக் கொண்டுவந்தான். பிறகு அக்சூமுக்கு, எசானா, சசானா என்ற இருவர் பெயரையும் போட்டு, ஃப்ருமென்டியஸை அனுப்புங்கள், ஜார்ஜ் அவரை விசாரித்துப் பார்க்கட்டும் என்று கடிதம் போட்டான். அத்தனாசியுஸ் தன் தரப்பு வாதத்தில் அதை அப்படியே எடுத்து எழுதியதால்தான் நம் கைக்கு வந்திருக்கிறது. ஆனால் எத்தியோப்பியத் திருச்சபை ஜார்ஜ் பக்கம் போகவில்லை. அத்தனாசியுஸின் வழியிலேயே நின்றது. 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை அதன் தலைமை ஆயர் எகிப்திலிருந்துதான் வந்தார். பேரரசனின் தயவுக்காக மதம் மாறியவன், அதே பேரரசன் கேட்டதையா தட்டுவான்?

நாணயப்பித்தன்
ராஜி அவர்களே, அடுலிஸுக்குக் கப்பல் வந்தது எகிப்திலிருந்து. பேரரசன் தலைநகரான கான்ஸ்டான்டிநோபிளிலிருந்து அல்ல. அலெக்ஸாந்திரியாவோடு ஒட்டிக்கொண்டதும் கணக்குதான்.

இன்னொன்று. நைல் பக்கத்து நோபா மக்கள் மீது எசானா எடுத்த படையெடுப்பைப் பற்றி உள்நாட்டு மொழியான கீஸில் ஒரு கல்வெட்டு உண்டு, கிரேக்கத்தில் ஒன்று உண்டு. கிரேக்கம் 1969இல் கிடைத்தது. பிதா, சுதன், தூய ஆவி என்று வெளிப்படையாகச் சொல்கிறது. கீஸ் கல்வெட்டில் கிறிஸ்துவின் பெயரே இல்லை, 'விண்ணின் ஆண்டவர்' மட்டும்தான். வெளியூர்க்காரன் படிக்கும் இடத்தில் திரித்துவம், உள்ளூரான் படிக்கும் இடத்தில் மழுப்பல்!

இளங்கோ_மதுரை
குறுக்கே ஒரு கேள்வி. அதற்கு முன்னால் அவன் யாரைக் கும்பிட்டான்?

கல்வெட்டு ராஜி
மஹ்ரெம். போர்க் கடவுள், அரச குலத்தின் தந்தை. கிரேக்கத்தில் எழுதும்போது அவனையே அரேஸ் என்று குறித்தார்கள். எசானாவின் பழைய கல்வெட்டு ஒன்று பேஜா மக்களை அடக்கியதைச் சொல்கிறது. அது மூன்று வடிவம்: கிரேக்கம், கீஸ், பிறகு தென் அரேபிய எழுத்தில் மறுபடி கீஸ். 4,400 பேரைக் கால்நடையோடு கிளப்பி, வழியில் சோறும் துணியும் கொடுத்து, வேறு நிலத்தில் குடியேற்றினான். நன்றிக்கடனாகப் பொன்னில் ஒன்று, வெள்ளியில் ஒன்று, வெண்கலத்தில் மூன்று சிலைகள் நிறுத்தினான். இந்த அளவுக்கு வழிபட்ட குலதெய்வத்தை, 'நான் அவன் மகன்' என்று போட்டுக்கொண்ட பட்டத்தோடு சேர்த்துக் கைவிடுவது உள்நாட்டில் லாபமா, ஆபத்தா? அந்த 'விண்ணின் ஆண்டவர்' அந்த ஆபத்தைச் சமாளிக்கும் சொல். பழைய ஆட்களை ஒரே நாளில் முறித்துக்கொள்ளாமல் நகர்த்துகிறான். கொண்ட நம்பிக்கையே இல்லாதவனுக்கு இந்தச் சிரமம் எதற்கு?

உப்புமூட்டை
ரெண்டு பேருமே கடல் பக்கமே நின்னு பேசுறீங்க அண்ணே. அந்தக் காசுக்குப் பொன் எங்கேயிருந்து வந்துச்சு? 525 வாக்குல அடுலிஸுக்கு வந்த கிரேக்க வியாபாரி காஸ்மாஸ் விவரமா எழுதி வச்சிருக்கார். சாசு-ங்கிற பொன் விளையுற நாட்டுக்கு அரசன் ஒரு வருசம் விட்டு ஒரு வருசம் ஆள் அனுப்புவான். வியாபாரிகளும் சேர்ந்துக்குவாங்க, 500 பேருக்கு மேல. கையில மாடு, உப்பு, இரும்பு. எல்லையில நின்னு முள்ளை வெட்டி வேலி போட்டு உள்ளே தங்குவாங்க. மாட்டை அறுத்து இறைச்சித் துண்டு, உப்பு, இரும்பு எல்லாத்தையும் முள்ளு மேல வைப்பாங்க. அந்த ஊர்க்காரங்க பயறு மாதிரி பொன் மணி ஒண்ணு, ரெண்டு கொண்டுவந்து தனக்குப் பிடிச்ச துண்டுப் பக்கத்துல வச்சுட்டு விலகி நிப்பாங்க. சரக்குக்காரன் பொன்னை எடுத்துக்கிட்டா பேரம் முடிஞ்சது. எடுக்காம விட்டா, வந்தவன் இன்னும் கொஞ்சம் சேர்த்து வைப்பான், இல்லேன்னா பொன்னைத் தூக்கிட்டுப் போயிடுவான். பேச்சே கிடையாது. ரெண்டு பக்கமும் பாஷை தெரியாது.

அஞ்சு நாள் சந்தை. போய்வர ஆறு மாசம். போகும்போது மாட்டை ஓட்டிட்டுப் போறதால மெதுவா நடை. வரும்போது ஆயுதத்தோட ஓட்டமா வரணும். பொன் இருக்குன்னு வழிமறிக்கிறவன் ஒரு பக்கம், மழை தொடங்கி ஆறு பெருகிட்டா வழியே அடைஞ்சுபோறது இன்னொரு பக்கம்.

இதுல எந்த இடத்துல சிலுவை உதவுச்சு? பொன்னு உள்நாட்டுல இருந்து வந்துச்சு, உப்பைப் பார்த்து வந்துச்சு. தந்தமும் அப்படித்தான். 1ஆம் நூற்றாண்டு பெரிப்ளுஸ் நூல் (நம்ம முசிறியைச் சொல்ற அதே நூல்) அடுலிஸ்லேருந்து கொலோய்ங்கிற உள்நாட்டு ஊருக்கு மூணு நாள், அங்கேயிருந்து அக்சூமுக்கு இன்னும் அஞ்சு நாள்னு கணக்குச் சொல்லுது. தந்தம், காண்டாமிருகக் கொம்பு, ஆமை ஓடு வெளியே. இந்திய இரும்பு, எஃகு, பருத்தித் துணி உள்ளே. இதெல்லாம் எசானாவுக்கு 300 வருசம் முன்னாடியே ஓடின வியாபாரம். சிலுவை இல்லாமலே.

நாணயப்பித்தன்
ஓடியது சரி, எப்படி ஓடியது? அதே பெரிப்ளுஸ் சொல்கிறது: கப்பல்கள் முதலில் கரையை ஒட்டிய தியோதோரஸ் தீவில் நங்கூரம் போட்டன, உள்ளூரார் நடந்தே வந்து தாக்கியதால் ஒரெய்னே தீவுக்கு மாறின. ஃப்ருமென்டியஸ் கப்பலில் வந்தவர்கள் வெட்டுப்பட்டதும், ரோமோடு உடன்படிக்கை முறிந்திருந்த சமயம் என்பதால்தான். ரோமக் கப்பல்காரன் பயமில்லாமல் கரை இறங்க வேண்டும் என்றால், கரையில் ஒரு கோயிலும் ஆயரும் இருப்பது நல்ல காப்பீடு.

கல்வெட்டு ராஜி
ஒரே மதம் என்றால் வியாபாரம் வந்து விழுமா? 531 வாக்கில் கிழக்கு ரோமப் பேரரசன் ஜஸ்டினியன் அக்சூம் அரசன் காலேபுக்குத் தூது அனுப்பினான். இருவரும் கிறிஸ்தவர், இந்தியர்களிடம் பட்டுத் துணி வாங்கி எங்களுக்கு விற்றால் நிறையப் பணம் பார்க்கலாம், எங்கள் பணமும் எதிரியான பாரசீகத்துக்குப் போகாது என்று ஆசை காட்டினான். காலேபும் ஒத்துக்கொண்டான். நடக்கவில்லை. இந்தியக் கப்பல் முதலில் ஒதுங்கும் துறைகளிலேயே பாரசீக வணிகர்கள் இருந்து முழுச் சரக்கையும் வாங்கிவிட்டார்கள் என்று அந்தக் கால வரலாற்றாசிரியர் புரோகோபியுஸ் எழுதுகிறார். பட்டு வியாபாரத்தைத் தீர்மானித்தது துறைமுகத்தில் யார் முதலில் நிற்கிறார் என்பது.

மதம் அரண்மனை வாசலோடு நின்றது என்று சிலர் சொல்லும் வாதமும் 2019க்குப் பிறகு கஷ்டம். வட எத்தியோப்பியாவின் யேஹா அருகே பேட்டா சமாட்டியில் தோண்டியெடுத்த பசிலிக்கா என்ற நீள்வடிவத் தேவாலயத்தின் தொடக்கம் 4ஆம் நூற்றாண்டு. சுமார் 18 மீட்டர் நீளம், 12 மீட்டர் அகலம். தலைநகரில் இல்லை, துறைமுகத்திலும் இல்லை. அங்கேயே சிலுவை பொறித்த கல் பதக்கமும் கிடைத்தது, செங்கல்லில் காளைத் தலை செதுக்கிய பொன் மோதிரமும் கிடைத்தது. பழசும் புதுசும் ஒரே இடத்தில்.

இளங்கோ_மதுரை
செங்கல்லா?? வீடு கட்டுற செங்கல்லா?

கல்வெட்டு ராஜி
மன்னிக்க, கார்னீலியன் என்ற சிவப்பு மணிக்கல்.

நாணயப்பித்தன் பொற்காசையே காட்டுகிறார். வெண்கலத்தைப் புரட்டிப் பாருங்கள். 'இது நாட்டுக்கு உவப்பாகுக' என்ற வாசகம், சிலுவை. சிலவற்றில் சிலுவையின் நடுவிலோ அரசன் தலையைச் சுற்றியோ பொன் பதித்திருக்கிறார்கள். சில்லறைக் காசு அது! ஒவ்வொன்றாக எடுத்துப் பொன் வைக்கும் கூலியே கட்டுபடியாகாது. வியாபாரக் கணக்குப் போடுகிறவன் முதலில் நிறுத்துவது இந்த வேலையைத்தான்.

நாணயப்பித்தன்
அந்த வெண்கலத்திலேயே ம்-ஹ்-த்-ய்-ஸ் (பெயரை மெய்யெழுத்தாக மட்டுமே பொறித்தார்கள்) என்ற அரசனுடையதைப் படியுங்கள். 'இந்தச் சிலுவையால் வெல்வான்.' யாருடைய வசனம்? கான்ஸ்டன்டைனுடையது. ரோமைப் பார்த்து எழுதியதுதானே!

கல்வெட்டு ராஜி
வசனம் ரோமுடையது, எழுத்து கீஸ். ரோமனுக்குக் காட்ட வேண்டியதை ரோமன் படிக்க முடியாத எழுத்தில் யாரும் அடிக்க மாட்டார்கள்.

நாணயப்பித்தன்
வெண்கலமும் வெளியே போயிருக்கிறது. எருசலேமிலும், பாலஸ்தீனக் கடற்கரை நகரமான செசரியாவிலும் அக்சூம் வெண்கலக் காசு கிடைத்திருக்கிறதே?

உப்புமூட்டை
எருசலேம்ல அந்தச் செம்பை எவன் சரக்குக்கு வாங்குவான் அண்ணே? மடியில மிச்சம் இருந்ததைக் கோயில் பாக்கப் போனவன் போட்டுட்டு வந்திருப்பான்.