கோணேசர் மலையில் வராத கதை பஸ்ஸில் வருவது ஏன்?

மலையடியான்:
மூன்று வாரமாக ஒரு சிறுகதையோடு மல்லுக்கட்டுகிறேன். கொப்பியைத் தூக்கிக்கொண்டு திருகோணமலைக் கோணேசர் கோயிலடிக்குப் போய், இராவணன் வெட்டு என்ற பாறைப் பிளவுப் பக்கம் இரண்டு மணித்தியாலம் இருந்தாலும் ஒரு வரி வராது. திரும்பும் வழியில் கோட்டைக்குள் திரியும் மான் ஒன்று கொப்பியின் மூலையைக் கடித்ததுதான் மிச்சம். ஆனால் நேற்று கிண்ணியாவிலிருந்து வரும் பஸ்ஸில், நிற்கவே இடமில்லாத நெரிசலில், கதையின் முடிவு பொத்தென்று வந்து விழுந்தது. ஒரு கை கம்பியில், மற்றக் கையில் மீன் பை. இறங்குவதற்குள் பாதி மறந்துவிட்டது. உங்களுக்கும் இப்படித்தானா?

கணக்கு வாத்தி:
சும்மா வரவில்லை தம்பி. புவான்காரே என்ற பிரெஞ்சுக் கணித மேதை 1908இல் இதையேதான் எழுதினார்: பயணம் போன இடத்தில், பஸ் படியில் கால் வைத்த கணத்தில் விடை வந்ததாம். எல்லோரும் அந்தப் படியை மட்டும்தான் கதைப்பார்கள். அதற்கு முன், தான் யோசித்துக்கொண்டிருந்த ஒரு வகைச் சார்பு (function) இருக்கவே முடியாது என்று நிறுவ 15 நாள் மேசையில் கிடந்து பிழையான பக்கமே ஓடினார், ஊர் திரும்பிய பிறகு ஆறுதலாக இருந்து சரிபார்த்தார், அதெல்லாம் யாருக்கும் ஞாபகமில்லை. உங்கட மூன்று வாரமும் அந்தக் கணக்கில்தான் சேரும்.

நிலாவெளி அக்கா:
எங்கட அப்பப்பா கரைவலைக்காரர். வலை இழுக்கும்போது அம்பா பாடுவார், அவர் ஒரு வரி எடுத்துக்கொடுக்க மற்றவர்கள் 'ஏலேலோ' என்று இழுப்பார்கள், அந்த ஏலேலோ முடிவதற்குள் அடுத்த வரி அவருக்கு வந்துவிட வேண்டும். வலைக்குச் சொந்தக்காரரான சம்மாட்டியின் கஞ்சத்தனம், தேத்தண்ணியில் சீனி குறைந்தது எல்லாம் பாட்டில் ஏறிவிடும். எல்லாமே அந்த இடத்தில் இட்டுக்கட்டியது என்றுதான் சின்ன வயதில் நினைத்தேன். அப்புறம் கவனித்தால் பத்தில் ஏழு வரி ஊரே பாடும் பழைய வரி. வாய் அதைப் பாடிக்கொண்டிருக்க, புதிய மூன்றும் உள்ளே தயாராகும். வெறுங்கொப்பியை வைத்துக்கொண்டு இருக்காமல் எழுதியதையே முதலிலிருந்து திருப்பி எழுதிப் பாருங்கோ.

பேனைக்காரன்:
போனில் குரலைப் பதியுங்கள். மீன் பையைப் பக்கத்தில் இருப்பவரிடம் கொடுத்தால் வாங்கி மடியில் வைப்பார், எங்கட ஊர் பஸ்தானே.

மலையடியான்:
அக்கா, திருப்பி எழுதினேன். மூன்றாம் பக்கத்தில் வரும் மாமா தேவையே இல்லையென்று தெரிந்தது, தூக்கிவிட்டேன். மறந்த பாதி இன்னும் வரவில்லை. நாளைக்கு மூதூர் போகிறேன், பஸ்ஸில்தான்.