புதுப்பிப்பு: சிப் வைத்த கார் சாவி கிடைத்துவிட்டது

இரண்டு சாவிகளில் ஒன்று தொலைந்தது, வெறும் நகல் சாவி கதவைத் திறக்கிறது, ஆனால் இன்ஜின் ஓடவில்லை என்று முன்பு கேட்டிருந்தேன். இப்போது புதுச் சாவியில் வண்டி ஓடுகிறது.

நகலில் சிப் இல்லாததுதான் காரணம். சாவித் தலைக்குள் இருக்கும் அந்தச் சின்ன சிப்புக்கு பேட்டரியே கிடையாது. இக்னிஷன் பூட்டைச் சுற்றியுள்ள கம்பிச்சுருள் (coil), பெரும்பாலும் 125 கிலோஹெர்ட்ஸ் அலையில், அதற்கு மின்சக்தி கொடுத்து அடையாளம் கேட்கும். பதில் பொருந்தாவிட்டால் இம்மொபிலைசர் என்ற திருட்டுத் தடுப்பு அமைப்பு இன்ஜினை ஓட விடாது. எனக்கு இது உண்மையிலேயே அருமையான ஏற்பாடாகத் தெரிகிறது.

பூட்டு வேலை தெரிந்த ஒருவர் சாவியை வெட்டி, ஸ்டீயரிங்குக்குக் கீழே, வண்டியின் கணினியோடு இணைக்கும் ஓபிடி போர்ட்டில் கருவியை மாட்டி, புது சிப்பைப் பதிந்து கொடுத்தார். வண்டிப் பதிவுச் சான்றை முதலிலேயே கேட்டார். கேட்காதவரிடம் வண்டியைக் கொடுக்காதீர்கள்.

அப்புறம், தொலைந்த சாவியை வண்டியின் நினைவகத்திலிருந்து அழிக்கச் சொல்லுங்கள். பல வண்டிகளில் எல்லாவற்றையும் அழித்துவிட்டுத்தான் மறுபடி பதிவார்கள். அதனால் கையில் இருக்கும் சாவிகள் அனைத்தையும் கொண்டுபோங்கள். அழித்த பிறகும் பழைய சாவி கதவைத் திறக்கும், வண்டியை மட்டும் கிளப்பாது. ஆகவே உள்ளே பொருள் எதையும் விட்டுவைக்க வேண்டாம்.