புது சீஎல்ஏ மின்சாரக் காருக்கு இப்பவே அட்வான்ஸ் கட்டச் சொல்றவங்களுக்கு

கல்லடி வயர்மன்
நம்ம மன்றத்தில நேற்றைய திரியில வாவிக்கரை எழுதினதை அப்படியே தாறன்: "மெர்சிடிஸ் புது சீஎல்ஏ 10 நிமிசச் சார்ஜில 325 கிலோமீற்றர் ஓடும். கொழும்பு வழியில எந்தச் சார்ஜரில மாட்டினாலும் சரி. மட்டக்களப்பாருக்கு இனிக் கவலை இல்ல, இப்பவே அட்வான்ஸ் கட்டுங்க." இதைப் பாத்திட்டு ரெண்டு பேர் அட்வான்ஸ் எவ்வளவு எண்டு கேட்டிருக்காங்க. கோடிக்கணக்கில காசு போற விசயத்தில இப்படி எழுதிறது சரியில்ல.

அந்த 325 கிலோமீற்றர், 320 கிலோவாட் டீசி சார்ஜர், அதாவது நேரா பெட்டரிக்கு ஏத்துற வேகச் சார்ஜர், இருந்தாத்தான். பெட்டரி 85 கிலோவாட் மணி, அதாவது 85 யூனிற், 800 வோல்ட் வகை. 2025 மார்ச்சில ரோமில காட்டி, ஐரோப்பாவில விக்கத் தொடங்கின முதல் கார்கள் 400 வோல்ட் டீசி சார்ஜரில மெதுவாக்கூட ஏறாது. ஏறவே ஏறாது. நம்ம நாட்டில நிசான் லீஃப் மின்சாரக் கார் வந்த காலத்தில வச்ச சார்ஜர்கள் கனக்க 500 வோல்ட்டோட நிக்கிறது, அதுவும் 400 வோல்ட் வகைதான். "எந்தச் சார்ஜரிலும்" எண்ட வசனத்தை முதல் அழிங்க.

வாவிக்கரை
வந்திட்டாரு. சோலார் திரியில எனக்கிட்ட வாங்கிக் கட்டினதுக்கு இப்ப பழி தீர்க்கிறாரு. 60 கிலோவாட் சார்ஜர் எண்டா 60 கிலோவாட் ஏறும். காருக்கு வேண்டியது கிலோவாட். வோல்ட் எதுக்கு?

கல்லடி வயர்மன்
வோல்ட் எதுக்கெண்டு கேக்கிற ஆள்தான் அட்வான்ஸ் கட்டச் சொல்றாரு. சார்ஜரின்ட பக்கத்தில ஒரு தகடு இருக்கும். அதில டீசி வெளியீடு 200–500 வோல்ட் எண்டு இருக்கோ, 150–1000 வோல்ட் எண்டு இருக்கோ எண்டு பாருங்க. 1000 எண்டு போட்ட 30 கிலோவாட் சின்னச் சார்ஜரிலும் இந்தக் கார் ஏறும். 500 எண்டு போட்டா 60 கிலோவாட் இருந்தும் பிரயோசனம் இல்ல.

டீசி சார்ஜரின்ட சீசீஎஸ் 2 பிளக்கை மாட்டினதும் காரும் சார்ஜரும் முதல்ல பேசிக்கொள்ளும். மறுகா கேபிளில கரண்ட் ஒழுக்கு இருக்கோ எண்டு சோதிக்கும். அதுக்குப் பிறகு சார்ஜர் தன்ட வோல்ட்டேஜைப் பெட்டரியின்ட அளவுக்கு ஏத்தவேணும். ரெண்டும் கிட்டத்தட்ட ஒண்டானாத்தான் காருக்குள்ள பெட்டரியை இணைக்கிற சுவிட்ச், கொன்டாக்டர், மூடும். 800 வோல்ட் பெட்டரி காலியாக் கிடந்தாலும் 500-க்கு மேலதான் நிக்கும். 500-ல முடியிற சார்ஜர் அந்த இடத்துக்கு வரவே ஏலாது. திரையில பிழை காட்டி நிக்கும். பிளக் பொருந்துது எண்டதால கரண்ட் போகும் எண்டு இல்ல.

ஏறாவூர் மீற்றர்
வயர்மன் சொல்ற தகடு விசயம் சரி. ஆனா கம்பனி 400 வோல்ட் சார்ஜரிலும் ஏறுறதுக்குக் காருக்கு உள்ளேயே ஒரு மாற்றி தாறதாச் சொல்லியிருக்கே. அதைப் பற்றி ஒரு சொல்லும் இல்லையே?

கல்லடி வயர்மன்
சொன்னது உண்மை. ஆனா ஆர்டர் படிவத்தில உங்கட காருக்கு எண்டு எழுதியிருக்கோ எண்டதுதான் கேள்வி. காரைக் கட்டும்போதே உள்ள வைக்கிற பொருள் அது. பிறகு கடையில வாங்கிப் பூட்ட ஏலாது, மென்பொருளை மாத்தியும் வராது. "400 வோல்ட் டீசி சார்ஜிங்" எண்டு எழுத்தில இருந்தாக் கட்டுங்க. இல்லாட்டிக் கட்டாதீங்க. ஷோரூம் பொடியன் வாயால சொன்னதுக்குக் காசு குடுக்கிறதோ?

வாவிக்கரை
எல்லாரும் டீசி டீசி எண்டு கத்துறீங்க. நான் கேக்கிறன், டீசி எதுக்கு? மட்டக்களப்பிலிருந்து வாழைச்சேனை, பொலன்னறுவை, ஹபரணைப் பாதையால கொழும்பு கிட்டத்தட்ட 315 கிலோமீற்றர். முழுச் சார்ஜுக்குக் கம்பனி அறிவிச்ச தூரம் 792. நம்ம பாதையில 70-ல போறம், ஜெர்மன்காரன் மாதிரி 130-ல போறதில்ல. 100 கிலோமீற்றருக்கு 14 யூனிற் எண்டு வச்சாலும் 44 யூனிற். பாதிக்குக் கொஞ்சம் கூடப் போகும். கொழும்பில ராத்திரி சாதாரண 13 அம்பியர் சொக்கெற்றில 10 அம்பியருக்கு அடிச்சு வச்சா, 10 மணித்தியாலத்தில 20 யூனிற் அளவு பெட்டரிக்குள்ள இருக்கும். மிச்சம் 41, வந்தது 20. திரும்பி வர 44 போதும். டீசி சார்ஜரைத் தொடவே தேவையில்ல. இதுக்குப் பதில் சொல்லுங்க.

கல்லடி வயர்மன்
நேற்று "எந்தச் சார்ஜரிலும்", இண்டைக்கு "சார்ஜரே தேவையில்ல". எதில நிக்கிறீங்க?

சரி, கணக்குக்கு வாறன். போய்வர 630 கிலோமீற்றர், 14 யூனிற் எண்டா 88. பெட்டரி 85. விடிய வெளிக்கிட்டு, கொழும்பில வேலை முடிச்சு, அண்டைக்கே திரும்பிறவன் நடுவில கட்டாயம் ஏத்தவேணும். மாடிவீட்டுத் தரிப்பிடத்தில சொக்கெற் இல்லாதவனுக்கும் அதே கதிதான். நவம்பர், டிசம்பர் மழையில கல்லெல்லை, மன்னம்பிட்டிப் பக்கம் மகாவலி பாதையை மேவினா செங்கலடியால மகா ஓயா, மகியங்கனை எண்டு சுத்திப் போகவேணும். அந்த நேரம் 400 வோல்ட் சார்ஜர் ஒண்டுதான் முன்னால நிண்டா என்ன செய்வீங்க? தகட்டைப் பாருங்க எண்டு அதுக்குத்தான் சொல்றன்.

அம்பாறை 27
மகியங்கனையால போனாக் கண்டிக்கு ஏறுற மலைப்பாதையில 18 வளைவு ஏறவே பெட்டரி முடிஞ்சிரும்.

வாவிக்கரை
பிழை. ரெண்டு தொன்னுக்குக் கொஞ்சம் கூடின கார் 500 மீற்றர் உயரம் ஏற மேலதிகமா 3 யூனிற்றுக்குச் சற்றுக் கூடத்தான் போகும். இறங்கும்போது அதில அரைவாசிக்கு மேல திரும்பி வரும். பௌதிகம் படிச்சவன் இப்படி எழுதமாட்டான்.

அம்பாறை 27
படிச்ச ஆள் எண்டு காட்டத்தான் இங்க வாறீங்க. காரின்ட அடி நிலத்தில இருந்து எவ்வளவு உயரம் எண்டு பாத்தீங்களா? இது தாழ்ந்த செடான். காரைதீவு–அம்பாறை வீதி மாவடிப்பள்ளியில தண்ணி மேவினா ஜீப்பே நிக்கும். பெட்டரி நிலத்தோட தட்டையாக் கிடக்கு. அடியில கல் அடிச்சு மூடி நெளிஞ்சாக் காப்புறுதிக்காரன் முழுப் பெட்டரியையும் மாத்தவேணும் எண்டு நிப்பான். ஒதுக்கு டயரும் இல்ல, வெறும் ஒட்டுப் பசையும் பம்பும்தான். டயரின்ட பக்கச் சுவர் கிழிஞ்சா பசை என்ன செய்யும்?

கல்முனைத் தெரு
மின்சாரக் கார் தண்ணியில போனாக் கரண்ட் அடிக்கும் எண்டும் இனிச் சொல்லுவீங்க. உயர் அழுத்தப் பகுதி முழுக்கச் சீல் பண்ணித்தான் வருது, காரின்ட உடம்போட தொடர்பு இல்ல. கரண்ட் ஒழுக்கு வந்தாக் கார் அதைக் கண்டுபிடிச்சு எச்சரிக்கும். தண்ணி மேவின வீதியால எந்தக் காரும் போகக்கூடாது. அதுக்கு மின்சாரக் காரைக் குறை சொல்றது என்ன நியாயம்?

ஏறாவூர் மீற்றர்
வீட்டு இணைப்பைப் பற்றி ஒருத்தரும் பேசேல்ல, வாங்கிறவன் முதல்ல முட்டுப்படப்போற இடம் அது. நம்ம வீடுகளில கனக்க 30 அம்பியர் ஒற்றைப் பேஸ். 30 அம்பியர் எண்டா முழுசா 6.9 கிலோவாட். 32 அம்பியர் வோல்பொக்ஸை, வீட்டுச் சுவரில பூட்டுற சார்ஜரை, அதில போட்டுத் தண்ணி மோட்டரும் அயர்ன் பெட்டியும் ஓடினாப் பிரேக்கர் விழும். 11 கிலோவாட் சார்ஜர் எண்டு விளம்பரம் சொல்றது மூண்டு பேஸுக்கு, பேஸுக்கு 16 அம்பியர். பல கார்கள் ஒற்றைப் பேஸிலும் அதே 16 அம்பியர்தான் எடுக்கும், 3.7 கிலோவாட். 85 யூனிற் நிரப்ப ஒரு நாளுக்கு மேல. மின்சாரம் தாற நிறுவனத்தில மூண்டு பேஸ் 30 அம்பியருக்கு விண்ணப்பிச்சு, மீற்றர் மாறின பிறகு காரை எடுங்க. இரவு 10.30 இலிருந்து விடிய 5.30 வரை குறைஞ்ச கட்டணம் இருக்கிற நேர அடிப்படைக் கட்டணத்தையும் அப்பவே கேளுங்க.

கல்லடி வயர்மன்
இது சரியான கதை, ஆனா பாதிதான். பழைய வீட்டு டிரிப் சுவிட்ச் ஏசி வகை. காரிலிருந்து டீசி ஒழுக்கு வந்தா அது குருடாகிரும், ஆள் தொட்டாலும் விழாது. ஏ வகை டிரிப்போட 6 மில்லியம்பியர் டீசி கண்டுபிடிக்கிற வோல்பொக்ஸ் வேணும், இல்லாட்டி பீ வகை. 32 அம்பியருக்கு 6 சதுர மில்லிமீற்றர் செப்புக் கேபிள், நீளம் கூடினா 10. நடுவில ஒட்டு வேணாம். எர்த் கம்பியின்ட தடையை அளந்து பாருங்க. கல்லடி, நாவலடி மணலில வெயில் காலம் எர்த் தடை ஏறும், வோல்பொக்ஸ் சிவப்பு லைற்றைக் காட்டிச் சார்ஜ் பண்ணாது. கார் பழுது எண்டு ஷோரூமுக்கு அடிப்பாங்க, கம்பியை இன்னும் ஆழத்துக்கு இறக்கி, ரெண்டாவது கம்பி ஒண்டும் போட்டாச் சரியாகும். உப்புக் காத்தில கிளாம்ப் பச்சை பிடிக்கும், அதையும் வருசா வருசம் கழட்டித் துடைக்கவேணும்.

13 அம்பியர் சொக்கெற்றில 10 மணித்தியாலம் எண்டு வாவிக்கரை லேசாச் சொல்லிட்டாரு. சொக்கெற்றுக்குப் பின்னால நியூட்ரல் ஸ்குரூ லூசா இருந்தா ரெண்டு மணித்தியாலத்தில பிளாஸ்ரிக் உருகும்.

வாவிக்கரை
ஸ்குரூவை இறுக்கிட்டு மாட்டுங்க. இதெல்லாம் ஒரு காரணமோ? நல்ல பொருள் ஒண்டு வந்தா இந்த ஊரில நாலு பேர் குறை சொல்லத்தான் இருப்பாங்க. 85 யூனிற்றில இவ்வளவு தூரம் ஓடுற கார் வேற எத்தின இருக்கு? பின் மோட்டருக்கு ரெண்டு கியர் போட்டிருக்கான், அதாலதான் வேகப் பாதையிலும் செலவு குறையுது.

கல்முனைத் தெரு
விலை எவ்வளவு எண்டு ஒருத்தரும் சொல்லேல்ல. 2025 பெப்ரவரியில இறக்குமதி திறந்த பிறகு மின்சாரக் காருக்கு உற்பத்தி வரி மோட்டரின்ட கிலோவாட்டில போகுது. 100-க்கு மேல 200 வரைக்கும் ஒரு வீதம், 200-ஐத் தாண்டினா அதைவிடப் பெரிய வீதம். இந்த 85 யூனிற் காரின்ட ஒற்றை மோட்டர் ரகம் 200, நாலு சில்லும் இழுக்கிற ரகம் 260. அந்த 60 கிலோவாட்டுக்காக முழுக் காருக்கும் பெரிய வீதம் விழும். அதுக்கு மேல ஆடம்பர வரி, வற். கையெழுத்து வைக்கமுதல் விலை எந்த நாள் டொலருக்கு எண்டும், வரி மாறினா மிச்சத்தை யார் கட்டுறது எண்டும், அட்வான்ஸ் திரும்பி வருமோ எண்டும் கேளுங்க.

வாவிக்கரை
200 எண்டா 200-க்கு மேல எண்டு சுங்கம் சொன்னா?

கல்முனைத் தெரு
"200-ஐத் தாண்டினா" எண்டு எழுதினனே. வாசிச்சிட்டுக் கேளுங்க.

அம்பாறை 27
பழுதானாக் கொழும்புக்கு எப்பிடிக் கொண்டு போறது? பின் சில்லு நிலத்தில உருள இழுத்தா மோட்டர் சுத்தும், இன்வேர்ட்டர் போகும். நாலு சில்லும் மேல ஏத்துற தட்டு லொறிதான் வேணும். அதின்ட கூலியைக் கணக்கில வச்சீங்களா?

வாவிக்கரை
காப்புறுதி எடுக்கிறது எதுக்கு? திரும்பவும் சொல்றன், 315 கிலோமீற்றர், பாதிப் பெட்டரி. வயர்மனிட்ட இதுக்குப் பதில் இல்ல.

கல்லடி வயர்மன்
பதில் மேல இருக்கு, போய்வர 88, பெட்டரி 85. உங்கட வசனம் இன்னும் அந்தத் திரியில அழியாமக் கிடக்கு. ஆர்டர் குடுக்கப்போறவங்க கொழும்புக்குப் போற பாதையில, ஹபரணையிலும் தம்புள்ளையிலும் குருநாகலிலும் சார்ஜரைக் கண்டா இறங்கித் தகட்டைப் போட்டோ எடுத்து இங்க போடுங்க. 500 எண்டு இருக்கிறது எத்தின, 1000 எண்டு இருக்கிறது எத்தின எண்டு பாப்பம். 1000 எண்டு இருந்தாலும் 60 கிலோவாட் சார்ஜரில 10 நிமிசத்தில ஏறுறது 10 யூனிற், 70 கிலோமீற்றர். 325 இல்ல.

வாவிக்கரை
போட்டோ போடுறன். நீங்க சோலார் திரியில எழுதினதையும் சேத்துப் போடுறன், ஆக்கள் பாக்கட்டும்.

கல்லடி வயர்மன்
போடுங்க. தகடு தெளிவாத் தெரியவேணும், டீசி வெளியீடு எண்ட வரி.