குடுவின் கொம்பை அளப்பதா, வேட்டையை மதிப்பதா?

தடந்தேடி எழுதியது:

ஆப்பிரிக்க மறிமான் வேட்டையைப் பற்றிய பேச்சு எங்கே தொடங்கினாலும் "எத்தனை அங்குலம்?" என்ற கேள்வியில் போய் முடிவது எனக்கு நெடுநாளாக உறுத்தலாக இருக்கிறது. வேட்டை விலங்குகளின் கொம்பளவுகளைத் தொகுக்கும் ரோலண்ட் வார்டு பதிவேட்டில், முறுக்குக் கொம்புள்ள மறிமானான தெற்குப் பெருங்குடு இடம்பெற வேண்டுமானால், அதன் நீண்ட கொம்பை முறுக்கின் வெளிவிளிம்பை ஒட்டி அளக்கும்போது 53⅞ அங்குலம் இருக்க வேண்டும். அளவு நாடாவில் 52 என்று வந்தால், பேசுகிறவரின் குரலே தாழ்ந்துவிடுகிறது. 56 என்று வந்துவிட்டாலோ, அந்த விலங்கு எப்படிக் கிடைத்தது, எவ்வளவு தூரம் நடந்தார்கள், எத்தனை வயதானது என்று ஒருவரும் கேட்பதில்லை. வேட்டையின் மதிப்பை அதன் அனுபவத்தில் பார்க்காமல் கொம்பின் நீளத்தில் கொண்டுபோய் வைப்பது தவறு என்பதே என் வாதம்.

குடுவின் உடலே இதற்குச் சான்று. புள்ளிமானின் கொம்பைப் போலக் குடுவின் கொம்பு உதிர்ந்து மீண்டும் முளைப்பதில்லை; எலும்பின் மேல் உறையாக வளர்ந்து வாழ்நாள் முழுவதும் நிலைக்கிறது. ஏறத்தாழ ஆறு வயதில் இரண்டரை முறுக்கும் நிறைவடைகின்றன. அதற்குப் பின் நீளம் கூடுவது மிகக் குறைவு. புதரில் உரசியும் மண்ணைக் கிளறியும் பிற ஆண்களோடு மோதியும் நுனி தேயத் தொடங்குகிறது. நுனியில் தந்தம்போல் வெளுத்திருக்கும் பகுதி மழுங்கி, கழுத்து பருத்து, உடல் நீலச்சாம்பல் நிறமேறி நிற்கும் கிழ ஆண் குடுவைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்வது புரியும். தன் இனத்துக்குச் செய்ய வேண்டியதைச் செய்து முடித்துவிட்ட அந்த விலங்குதான் வேட்டைக்கு உரியது. நாடாவோ அதற்குக் குறைந்த மதிப்பெண்ணும், நீண்ட நுனியோடு இன்னும் முழுவலிமையில் இருக்கும் இளைய ஆணுக்குக் கூடுதல் மதிப்பெண்ணும் கொடுக்கிறது.

அளவுகோல் எழுதியது:

தடந்தேடி அவர்களே, உங்கள் அக்கறையை மதிக்கிறேன். ஆனால் குற்றத்தை நாடாவின் மீது சுமத்துவதை ஏற்க முடியவில்லை.

லண்டன் பிக்காடிலியில் இறந்த விலங்குகளின் உடலைப் பாடம் செய்யும் கடை வைத்திருந்த ரோலண்ட் வார்டு 1892-இல் முதல் அளவைப் பட்டியலை வெளியிட்டபோது, எந்த விலங்கு எங்கே எவ்வளவு வளர்ந்தது என்பதற்கு வேறு தொகுப்பு ஏறக்குறைய இல்லை. இன்றும் அந்தப் பதிவேட்டில், காட்டில் தானாக இறந்து கிடந்த விலங்கின் கொம்பைக் கண்டெடுத்தவரும் பதிவு செய்யலாம். சுட்டவரின் பெருமைக்காக மட்டும் அது நடத்தப்பட்டிருந்தால் இதற்கு இடமே இருந்திருக்காது.

அடுத்து, ஜிம்பாப்வேயின் வடமேற்கில் உள்ள மட்டெட்சி வேட்டைப் பகுதியில் 1974 முதல் 2008 வரை சேர்ந்த கொம்பளவுகளை ஆய்வாளர்கள் ஒப்பிட்டபோது, சேபிள், இம்பாலா ஆகிய மறிமான்களில் நீளம் சற்றுக் குறைந்திருப்பதும், குடுவில் அப்படிக் குறையவில்லை என்பதும் தெரியவந்தன. முப்பது ஆண்டுகளுக்கு மேலாக யாரோ ஒருவர் ஒவ்வொரு தலையையும் சலிக்காமல் அளந்து எழுதி வைத்ததால்தான் இந்தச் சரிவு கண்ணில் பட்டது. "அனுபவம் நன்றாக இருந்தது" என்று முப்பது ஆண்டுகள் எழுதி வைத்திருந்தால் எதைக் கண்டுபிடித்திருப்போம்?

குறைந்தபட்ச அளவு என்ற ஒன்று இருப்பதால்தான் பலர் முதலில் தென்பட்ட இளம் குடுவை விட்டுவிட்டுக் காத்திருக்கிறார்கள். அந்தக் கட்டுப்பாட்டை எடுத்துவிட்டால் அதன் இடத்தில் எதை வைப்பீர்கள் என்று சொல்லுங்கள்.

தடந்தேடி எழுதியது:

மட்டெட்சித் தரவு மதிப்புள்ளது என்பதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் அது உங்கள் கட்சிக்குச் சேர்க்கும் வலுவைவிட என் கட்சிக்கே கூடுதலாகச் சேர்க்கிறது. நீண்ட கொம்புக்காகவே தேடப்படும் சேபிளில் நீளம் குறைந்திருக்கிறது என்றால், வேட்டை அழுத்தத்துக்கு அதில் பங்கு இருக்குமோ என்று கேட்க வேண்டாமா? மழை, மேய்ச்சல் போன்ற வேறு காரணங்களும் இருக்கலாம் என்பது உண்மைதான். அதற்காக இந்தக் கேள்வியைத் தள்ளிவிட முடியாது.

குறைந்தபட்ச அளவு இளம் விலங்குகளைக் காக்கிறது என்கிறீர்கள். நீண்ட நேர்க்கொம்புள்ள ஜெம்ஸ்பாக் மறிமானை எடுத்துக்கொள்ளுங்கள். ஆண், பெண் இரண்டுக்கும் கொம்பு உண்டு. பெண்ணின் கொம்பு மெலிந்து நீண்டிருக்கும், ஆணின் கொம்பு அடியில் தடித்துச் சற்றே குட்டையாக இருக்கும். பதிவேட்டின் எல்லை 40 அங்குலம். ஆகவே அங்குலத்தைத் தேடிப் போகிறவரின் துப்பாக்கி, மந்தையில் நிற்கும் பெண் விலங்கின் மீதே போய் நிற்கிறது. கலஹாரிப் பாலைவனத்தின் விளிம்பில் மூன்று கால் தாங்கியில் துப்பாக்கியைச் சாய்த்து வைத்துக்கொண்டு, தொலைநோக்கியில் அடிக்கொம்பின் பருமனைப் பார்க்காமல் நுனியை மட்டும் பார்க்கும் ஒருவர், கன்றோடு நிற்கும் தாயைத் தேர்ந்தெடுத்துவிட எல்லா வாய்ப்பும் உண்டு. மந்தையை முன்னின்று நடத்துவது பெரும்பாலும் அத்தகைய முதிர்ந்த பெண் விலங்குதான்.

கானகன் எழுதியது:

நான் நமீபியாவில், ஒட்ஜிவரோங்கோ பக்கம் ஒரு வேட்டைப் பண்ணையில் பணிபுரிகிறேன். இருவரும் சொல்வதில் உண்மை இருக்கிறது என்றாலும், பணத்தைப் பற்றி யாரும் பேசாததால் எழுதுகிறேன்.

தென்னாப்பிரிக்காவிலும் பிற இடங்களிலும் சில பண்ணைகளின் விலைப்பட்டியலில் குடுவுக்கும் சேபிளுக்கும் அங்குலத்துக்கு ஏற்பக் கட்டணம் ஏறுகிறது. 1991-இல் தென்னாப்பிரிக்காவில் வந்த வேட்டை விலங்குத் திருட்டுத் தடுப்புச் சட்டம், போதிய வேலி அமைத்த நில உரிமையாளருக்கு அந்த விலங்குகளின் மீதான உரிமையை உறுதிப்படுத்தியது. அதனால் காட்டு விலங்கு வளர்ப்பு பெருகியது, பல இடங்களில் மாட்டுக்குப் பதிலாக மறிமான்கள் மேய்ந்தன, அது நல்லதே. ஆனால் பின்னர் நீளக் கொம்புக்காகவே சேபிள் ஆண்களைத் தேர்ந்தெடுத்து இனப்பெருக்கம் செய்வதும், பொன்னிற வைல்டபீஸ்ட், கறுப்பு இம்பாலா போன்ற நிற மாறுபாடுகளை வளர்ப்பதும் பெருந்தொழிலாயின. ஏலத்தில் ஒற்றை விலங்கு பல மில்லியன் ராண்டுக்கு விலைபோன காலம் ஒன்று இருந்தது. 2016-க்குப் பிறகு அந்த விலைகள் சரிந்தன. வேலிக்குள் தீவனம் தின்று வளர்ந்த 50 அங்குலச் சேபிளும், ஜாம்பேசி ஆற்றங்கரையில் சிங்கத்துக்குத் தப்பி வளர்ந்த 42 அங்குலச் சேபிளும் ஒரே நாடாவால் அளக்கப்படுகின்றன. நாடாவுக்கு அந்த வேறுபாடு தெரியாது. வாடிக்கையாளருக்குத் தெரிய வேண்டும்.

அளவுகோல் எழுதியது:

கானகன் அவர்கள் சொல்வது சந்தையின் கோளாறு. தராசில் கலப்படப் பொருளை நிறுத்தார்கள் என்பதற்காகத் தராசை யாரும் உடைப்பதில்லை. வேலிக்குள் வளர்ந்ததைத் தனியே குறிக்க வேண்டும் என்றால் நானும் ஆதரிக்கிறேன்.

என் பெரிய தடை வேறு. அனுபவம் என்பதற்கு எல்லை எது? ஒருவர் முதல் நாள் காலையில் மூன்று வயது இம்பாலாவைச் சுட்டுவிட்டு, விடியல் அழகாக இருந்தது, நெருப்பருகே நல்ல பேச்சு நடந்தது, எனக்கு நிறைவான வேட்டை என்று எழுதுகிறார். உங்கள் அளவையின்படி அவரை எப்படி மறுப்பீர்கள்? அவர் மனநிறைவு உண்மையானது. அந்த இளம் விலங்கின் சாவும் உண்மையானது. பதிவேடு இம்பாலாவுக்கு வைத்திருக்கும் 23⅝ அங்குலம் என்ற எல்லை அவருக்கு மனத்தில் இருந்திருந்தால் அன்று விரல் விசைக்குப் போயிருக்காது. அனுபவத்தை மட்டும் பேசுகிறவர்கள் பலரிடம், கைக்கு எட்டியதைச் சுட்டுவிட்டு அதற்கொரு நல்ல பெயர் சூட்டும் போக்கைக் கண்டிருக்கிறேன். இதைக் கடுமையாகவே சொல்கிறேன்.

இளவேனில் எழுதியது:

இந்தியாவில் வேட்டையைக் கட்டுப்படுத்திய 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு வளர்ந்த தலைமுறையைச் சேர்ந்தவள் நான். துப்பாக்கியோடு காட்டுக்குப் போனதில்லை. ஆனாலும் உங்கள் இருவரின் வாதத்திலும் ஓர் இடைவெளி தெரிகிறது. தடம் பார்த்து நடப்பது, காற்றின் திசை அறிவது, குடு குரைக்கும் எச்சரிக்கை ஒலியைக் கேட்டு உறைந்து நிற்பது ஆகியவைதாம் வேட்டையின் பொருள் என்றால், அவை அனைத்தும் கேமராவோடு போகிறவருக்கும் கிடைக்கின்றனவே. அப்படியானால் கடைசியில் ஏன் சுட வேண்டும்? அளவுகோல் அவர்களிடமாவது ஒரு பதில் இருக்கிறது: அவருக்குக் கொம்பு வேண்டும். தடந்தேடி அவர்களே, உங்களுக்கு என்ன வேண்டும்?

தடந்தேடி எழுதியது:

நேரான கேள்வி, நேராகவே பதில் சொல்கிறேன்.

சுடக்கூடும் என்ற நிலையில் காட்டில் நடப்பவரின் கவனம் வேறு வகையானது. படம் பிசகினால் இழப்பு ஒன்றுமில்லை. குறி பிசகினால், முள்ளும் கல்லும் நிறைந்த சரிவில் இருட்டும் வரை இரத்தத் தடத்தைத் தொடர்ந்து போய், அந்த விலங்கின் வேதனையை முடித்து வைக்கும் கடமை சுட்டவருடையது. அந்தப் பொறுப்பை ஏற்பதும், ஐயம் இருந்தால் சுடாமல் திரும்புவதும், கிடைத்த இறைச்சி வீணாகாமல் பார்ப்பதும்தான் நான் அனுபவம் என்று சொல்வதன் உள்ளடக்கம். விடியலின் அழகு அதில் சிறு பகுதி.

இதுவே அளவுகோல் அவர்களுக்கும் பதில். எல்லையே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எல்லை வயதில் இருக்க வேண்டும் என்கிறேன். 1974-இல் தொடங்கப்பட்ட நமீபியத் தொழில்முறை வேட்டைக்காரர் சங்கம், நீளத்தை மட்டும் பார்த்துப் பதக்கம் கொடுப்பதை விட்டு, வயதைச் சேர்த்துக் கணிக்கும் முறைக்கு மாறியிருக்கிறது. கொம்பு எவ்வளவு நீண்டிருந்தாலும் முதிராத விலங்குக்கு அங்கே சிறப்பில்லை. நுனி தேய்ந்த கிழ விலங்குக்கு உண்டு. நீங்கள் சொன்ன இளம் இம்பாலாவைச் சுட்டவரை அந்த முறை தயங்காமல் மறுக்கும்.

கானகன் எழுதியது:

இளவேனில் அம்மா அவர்களுக்கு ஒரு சொல். கேமராவோடு வருகிறவர்கள் எட்டோஷா தேசியப் பூங்காவுக்கு வருகிறார்கள். சாலையும் விடுதியும் இருக்கும் இடங்களுக்கு வருகிறார்கள். நமீபியாவில் அந்தந்தப் பகுதி மக்களே நிர்வகிக்கும் சமூகக் காப்பகங்களில், 1998-இல் பதிவு பெற்ற முதல் சிலவற்றில் ஒன்றான நியே நியேவில் வாழும் ஜூஹோவான்சி பழங்குடி மக்களின் நிலத்துக்கு அத்தனை பேர் வருவதில்லை. அங்கே வேட்டைக் கட்டணம் காப்பகத்தின் முக்கிய வருவாய். இறைச்சி ஊருக்குப் பங்கிடப்படுகிறது. நாட்டைவிட்டுப் போவது கொம்பும் தோலும் மட்டுமே. வேட்டையில் தடம் பார்த்து முன்னே நடக்கும் ஜூஹோவான்சி மனிதருக்கு 52 அங்குலமும் 56 அங்குலமும் ஒன்றுதான். அவர் உடலின் கொழுப்பைப் பார்க்கிறார், வயதைப் பார்க்கிறார்.

அளவுகோல் எழுதியது:

வயது முறையை நான் எதிர்க்கவில்லை; அதன் நடைமுறை மீதுதான் ஐயம். பல்லின் தேய்மானத்தைப் பார்த்து வயதைக் கணிப்பது விலங்கு விழுந்த பிறகு நடப்பது. இருநூறு கெஜத்துக்கு அப்பால், பாதி உடல் புதரில் மறைந்திருக்க, தலையைத் தூக்கிக் கொம்பை முதுகோடு சாய்த்துக்கொண்டு ஓடத் தயாராக நிற்கும் குடுவுக்கு ஏழு வயதா ஒன்பது வயதா என்று யார் சொல்வது? நீளத்தையாவது காதின் அளவோடு ஒப்பிட்டு ஓரளவு கணித்துவிடலாம். விழுந்த பிறகும் இரண்டு அளவையர் அளந்தால் கால் அங்குலத்துக்குள் ஒத்துப்போவார்கள்; வயதுக் கணிப்பில் அந்த ஒற்றுமை வருமா? வராவிட்டால் வழிகாட்டியின் சொல்லை நம்ப வேண்டியதுதான். அந்த வழிகாட்டியின் வருமானமோ வாடிக்கையாளரின் மகிழ்ச்சியைச் சார்ந்திருக்கிறது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். 60 அங்குலக் குடு ஒன்று பாறைச் சரிவில் நின்று திரும்பிப் பார்ப்பதைக் கண்டவர் எவரும் அதன் நீளத்தைக் கண்டு வியக்கும் மனத்தை ஏளனம் செய்யமாட்டார். அந்த வியப்பும் அனுபவத்தின் ஒரு பகுதிதான்.

கானகன் எழுதியது:

வியப்பில் தவறே இல்லை. வயதைப் பற்றி, களத்தில் செய்வதைச் சொல்கிறேன்.

வருடத்தைச் சரியாகச் சொல்ல எங்களால் முடியாது; முதிர்ந்ததா இல்லையா என்பதைப் பெரும்பாலும் சொல்ல முடியும். முதலில் முறுக்கைப் பார்க்கிறோம்: இரண்டாம் வளைவுக்குப் பின் நுனி இன்னும் உள்நோக்கி இருந்தால் அது இளையது; வெளியே திரும்பியிருந்தால் முதிர்ந்தது. பிறகு கழுத்தின் பருமன், கழுத்து மயிர் உதிர்ந்திருக்கிறதா என்பது, தொங்கும் வயிறு, நடையின் கனம். இவற்றில் ஒன்று பொருந்தவில்லை என்றாலும் துப்பாக்கியை இறக்கச் சொல்கிறோம். பிழை நேர்வதில்லை என்று சொல்லமாட்டேன். விழுந்தபின் தாடையை வேகவைத்துப் பல்லைப் பார்க்கும்போது எங்கள் கணிப்பு சரியா என்பது தெரிந்துவிடும். அந்தத் தாடைகளை எறியாமல் ஆண்டு எழுதி அடுக்கி வைக்கிறோம். அளவுகோல் அவர்கள் கேட்ட பதிவேடு அதுதான். கொம்பின் நீளத்தையும் அதே ஏட்டில் எழுதுகிறோம், வயதுக்கு அடுத்த கட்டத்தில்.

வருமானத்தைப் பற்றிய ஐயம் நியாயமானது. அதனால் எங்கள் பண்ணையில் குடுவுக்கு ஒரே கட்டணம். 48 அங்குலமானாலும் 58 ஆனாலும் மாறாது. வந்து இறங்கிய மாலையே விருந்தினரிடம் இதைச் சொல்லிவிடுகிறோம், வேட்டைக்குப் போகும் பக்கி வண்டிக்குள் நாடா வராது, தோலுரிக்கும் கொட்டகையில்தான் இருக்கும் என்பதையும் சேர்த்து. ஏற்காதவர்கள் உண்டு, அவர்களுக்கு வேறு பண்ணையின் தொலைபேசி எண்ணைக் கொடுத்து அனுப்புகிறோம்.

அளவுகோல் எழுதியது:

ஒரே கட்டணமும் தாடைப் பதிவும் சேர்ந்தால் என் ஐயத்தில் பாதி போய்விடுகிறது. மீதிப் பாதிக்கு அந்த ஏட்டைப் பார்க்க வேண்டும்: களத்தில் கணித்த வயதையும் பல் காட்டிய வயதையும் பக்கம் பக்கமாக வைத்துச் சில ஆண்டுகளின் பதிவை இங்கே வெளியிட முடியுமா?

கானகன் எழுதியது:

உரிமையாளரிடம் கேட்டிருக்கிறேன். வேட்டைப் பருவம் முடிந்ததும், விருந்தினர் பெயர்களை நீக்கிவிட்டு வெளியிடலாம் என்றார்.