ஃபோர்ட்ரான் சிமுலேஷனை எல்லார் கணினியிலும் நிறுவ வைப்பது எப்படி?

ஓட்டக்காரன்:
திரவ ஓட்டத்துக்கு ஒரு சிமுலேஷன் எழுதியிருக்கிறேன். உள்ளே ஃபோர்ட்ரானும் சி++ம், மேலே பைத்தான். என் உபுண்டு 22.04-இல் சமர்த்தாக ஓடுகிறது, அதே பைனரியை (கம்பைல் செய்த கோப்பை) ராக்கி 8 லினக்ஸ் போட்ட கிளஸ்டருக்கு, அதாவது பல கணினிகளை இணைத்த அமைப்புக்குக் கொண்டுபோனால் "ஜிலிப்சி 2.34 இல்லை" (லினக்ஸின் அடிப்படை சி லைப்ரரி) என்று வாசலிலேயே படுத்துவிடுகிறது. விண்டோஸ்காரர்கள் எச்டிஎஃப்5 (தரவுக் கோப்பு லைப்ரரி) தேடி அலைகிறார்கள், மேக்காரர்கள் ஜிஃபோர்ட்ரான் கம்பைலர் எங்கே என்கிறார்கள். பேசாமல் தேவையானதெல்லாம் சேர்த்துக் கட்டிய டாக்கர் இமேஜாகக் கொடுத்துவிடலாமா?

பழைய_கெர்னல்:
கிளஸ்டரில் டாக்கரை விடமாட்டார்கள் தம்பி, ரூட் உரிமை தகராறு. அங்கே ஆப்டெய்னர்தான், முன்பு சிங்குலாரிட்டி என்று இருந்ததே அது. டாக்கர் இமேஜையே எடுத்து ஓட்டும்.

ஆனால் உங்கள் சிக்கலுக்கு அவ்வளவு தூரம் போக வேண்டாம். பழைய ஜிலிப்சியில் கட்டியது புதியதில் ஓடும், தலைகீழாக நடக்காது. உங்களுடையது 2.35, ராக்கி 8-இல் இருப்பது 2.28. மெனிலினக்ஸ்2014 கண்டெய்னருக்குள் வீலை (பைத்தானின் நிறுவல் பொட்டலத்தை) கட்டுங்கள், அது சென்ட்ஓஎஸ் 7 வழி வந்தது, ஜிலிப்சி 2.17. ஆடிட்வீல் ஓட்டினால் எச்டிஎஃப்5, ஜிஃபோர்ட்ரான் லைப்ரரி எல்லாம் வீலுக்குள்ளேயே வந்து உட்கார்ந்துகொள்ளும். மேக்குக்கு இதே வேலையை டெலோகேட் செய்யும், விண்டோஸுக்கு டெல்வீல். மூன்றையும் சிஐபில்ட்வீலிடம் விட்டுவிடலாம்.

மீன்குழம்பு:
எம்பிஐ (கிளஸ்டரின் கணினிகள், அதாவது நோடுகள், தங்களுக்குள் பேசிக்கொள்ளும் லைப்ரரி) இருக்கிறதா? இருந்தால் அதை மட்டும் வீலுக்குள் திணிக்காதீர்கள்! ஓப்பன்எம்பிஐயோடு இணைத்துக் கட்டியதை இன்னொரு எம்பிஐயான எம்பிச்சில் அப்படியே ஓட்ட முடியாது, கிளஸ்டர்காரர்கள் தங்கள் நெட்வொர்க்குக்கு ஏற்ற எம்பிஐயைத்தான் வைத்திருப்பார்கள். நான் இதில் ஒரு மாதம் தொலைத்தேன், ஓடியதெல்லாம் ஒரே நோடில்தான் ஓடியிருக்கிறது என்று கடைசியில்தான் தெரிந்தது. கோண்டா-ஃபோர்ஜ் என்ற பொட்டலக் களஞ்சியத்தின் பக்கம் போங்கள்: எம்பிஐ இல்லாதது, எம்பிச், ஓப்பன்எம்பிஐ என்று ஒரே ரெசிபியில் (கட்டும் குறிப்பில்) தனித்தனி பில்ட் போடலாம், கிளஸ்டரில் ஏற்கெனவே இருக்கும் எம்பிஐயைப் பயன்படுத்தவும் வழி உண்டு.

ஓட்டக்காரன்:
நன்றி அண்ணா, நன்றி மீன்குழம்பு. மெனிலினக்ஸில் கட்டியாயிற்று, ஜிலிப்சி புலம்பல் போய்விட்டது. இப்போது சில நோடுகளில் மட்டும் "இல்லீகல் இன்ஸ்ட்ரக்‌ஷன்" என்று சாகிறது, மற்றவற்றில் ஒழுங்காக ஓடுகிறது. பேய் மாதிரி.

பழைய_கெர்னல்:
சிமேக் ஃபைலில் (நிரலைக் கட்டும் விதிகள் உள்ள கோப்பில்) மார்ச்=நேட்டிவ் என்ற கம்பைலர் ஆப்ஷன் இருக்கிறதா பாருங்கள். கட்டிய மெஷினின் சிபியுவுக்கென்றே கோட் பிறக்கும், ஏவிஎக்ஸ்-512 கட்டளைகள் இல்லாத பழைய நோடில் செத்துவிடும்.

ஓட்டக்காரன்:
இருந்தது. நான்தான் போட்டிருக்கிறேன், அதுவும் "வேகத்துக்கு" என்று கமெண்டோடு. எடுத்துவிட்டேன், எல்லா நோடிலும் ஓடுகிறது. அப்புறம், விண்டோஸில் மைக்ரோசாஃப்ட்டின் சி++ கம்பைலரான எம்எஸ்விசி-யோடு ஃபோர்ட்ரான் கம்பைலரே வராதாமே, அதற்கு யாராவது ரெசிபி வைத்திருந்தால் இங்கே போடுங்கள்.