மல்லிகைக் கொழுந்து மஞ்சளாகிறது. யூரியா போட்டும் மாறவில்லை

நிலக்கோட்டை மல்லி:
அனைவருக்கும் வணக்கம். நிலக்கோட்டைப் பக்கம் 40 சென்ட் நிலத்தில் மூன்று ஆண்டு வயதுடைய குண்டுமல்லிச் செடிகளை வளர்த்து வருகிறேன். சென்ற ஆண்டு கிளைகளை வெட்டிவிட்ட கவாத்துக்குப் பின் வந்த தளிர்களில், இலை முழுவதும் மஞ்சளாகி, நரம்புகள் மட்டும் பச்சையாக நிற்கின்றன. சில செடிகளின் நுனிக்கொழுந்து சுண்ணாம்பு பூசியதுபோல் வெளுத்துவிட்டது. தழைச்சத்துக் குறைவு என்று எண்ணி யூரியா இட்டேன். பிறகு டிஏபியும் இட்டேன். ஒருவர் சொன்னதன் பேரில் அன்னபேதி என்னும் இரும்பு உப்பை (இரும்பு சல்பேட்) வேரடியில் தூவியும் பார்த்தேன். எதற்கும் பலனில்லை, மொட்டும் குறைந்து வருகிறது. என்ன செய்யலாம்?

உழவன் மகன்:
மெக்னீசியம் குறைந்தாலும் நரம்புகளுக்கு இடையில் மஞ்சளாகும், அம்மா. லிட்டருக்கு 10 கிராம் எப்சம் உப்பைக் கரைத்துத் தெளித்துப் பாருங்கள்.

மண்வாசம்:
தெளிப்பதற்கு முன் ஒன்றைக் கவனிக்க வேண்டுகிறேன். மஞ்சள் எந்த வயது இலையில் தொடங்குகிறது என்பதே இங்கே முதன்மையான தடயம். தழைச்சத்தும் மெக்னீசியமும் செடிக்குள் இடம்பெயரக்கூடியவை. அவை குறையும்போது செடி முதிர்ந்த இலையிலிருந்து எடுத்துக் கொழுந்துக்குக் கொடுத்துவிடுவதால், அடியிலைதான் முதலில் மஞ்சளாகும். இரும்பு அப்படிப் பெயராது. ஓர் இலையில் சேர்ந்தது பெரும்பாலும் அங்கேயே தங்கிவிடும். ஆகவே அடியிலை பச்சையாக இருக்கக் கொழுந்து மட்டும் வெளுத்தால், இரும்புச்சத்துக் குறைவையே முதலில் ஐயுற வேண்டும். பச்சையத்தின் நடுவில் இருப்பது மெக்னீசியம்தான் என்றாலும், அந்தப் பச்சையம் உருவாவதற்கு இரும்பு தேவை. இரும்பு உப்பைத் தெளித்தால் வெளுத்த இலை பச்சையாகும் என்பதைப் பிரான்சில் யூசேப் கிரீ என்பவர் 1840களிலேயே காட்டியிருக்கிறார்.

அடியிலைகள் எப்படி இருக்கின்றன? நிலத்தில் சுக்கான்கல் (சுண்ணாம்புக் கல்) உண்டா? ஆழ்துளைக் கிணற்று நீர் காய்ந்த இடத்தில் வெள்ளைப் படிவு நிற்கிறதா? ஒரு செடியைத் தோண்டி வேரில் முடிச்சுகள் உள்ளனவா என்றும் பாருங்கள். நூற்புழு தாக்கினாலும் மல்லிகை மஞ்சளாகும்.

நிலக்கோட்டை மல்லி:
அடியிலைகள் நல்ல பச்சையாகவே இருக்கின்றன, ஐயா. வேரில் முடிச்சு இல்லை. ஓரடி தோண்டினாலே சுக்கான்கல் வருகிறது; அந்த மண்ணில் வினிகர் ஊற்றியபோது நுரைத்துப் பொங்கியது. சொட்டுநீர்க் குழாயின் துளைகளிலும் வெள்ளையாகப் படிந்திருக்கிறது. ஆனால் அன்னபேதியை மண்ணில் போட்டுவிட்டேனே, அது ஏன் வேலை செய்யவில்லை?

மண்வாசம்:
மண்ணில் இரும்புக்குப் பஞ்சமில்லை. புவியின் மேலோட்டில் ஏறத்தாழ 5 விழுக்காடு இரும்புதான். சுண்ணாம்பு மிகுந்த காரத்தன்மையுள்ள மண்ணில் அது கரையாத துருவாக இறுகிவிடுவதால்தான் வேருக்குக் கிடைப்பதில்லை. நீங்கள் தூவிய அன்னபேதிக்கும் சில நாட்களில் அதே கதிதான் நேர்ந்திருக்கும். டிஏபி உரத்திலுள்ள மணிச்சத்து (பாஸ்பரஸ்) அளவை மிஞ்சினால் இரும்பை மேலும் முடக்கும். கந்தகம் இட்டுச் சுண்ணாம்பைப் போக்கலாமா என்றால், ஓர் ஏக்கரின் மேல் அரையடி மண் மட்டுமே ஏறத்தாழ 900 டன், அதில் 1 விழுக்காடு சுண்ணாம்பு இருந்தால்கூட அதைத் தீர்க்க 3 டன் அளவுக்குக் கந்தகம் வேண்டும். அது நமக்குக் கட்டாது.

எனவே இலை வழியாகக் கொடுங்கள். லிட்டருக்கு 5 கிராம் அன்னபேதியும் 1 கிராம் சிட்ரிக் அமிலமும் போதும். உங்கள் கிணற்று நீரில் சுண்ணாம்பு இருப்பதால் அது வேண்டாம். மழைநீரில் முதலில் சிட்ரிக் அமிலத்தையும் பிறகு அன்னபேதியையும் கரையுங்கள். கரைசல் பழுப்பாக மாறிவிட்டால் அதைக் கொட்டிவிடுங்கள், பயன்படாது. வாங்கும்போது நிறத்தைப் பாருங்கள்: அன்னபேதி வெளிர்பச்சைப் படிகம், நீலமாக இருப்பது மயில்துத்தம் (செம்பு உப்பு), அது இலையைக் கருக்கிவிடும், வெள்ளையாக இருப்பது பால்துத்தமாகவோ (துத்தநாக உப்பு) எப்சம் உப்பாகவோ இருக்கலாம்.

தோட்டம் முழுவதும் தெளிக்கும் முன், ஒரே ஒரு கிளையின் வெளுத்த இலைகளில் மட்டும் மாலை வேளையில் பஞ்சால் தடவி, அடையாளத்துக்கு நூல் கட்டி வையுங்கள்.

நிலக்கோட்டை மல்லி:
ஐயா, பன்னிரண்டு நாட்கள் ஆயின. நூல் கட்டிய கிளையில் கரைசல் பட்ட இடமெல்லாம் பச்சைத் திட்டுகளாகத் தெரிகின்றன. பக்கத்துக் கிளை அப்படியே மஞ்சளாக இருக்கிறது. அதைப் பார்த்தபோது கண் கலங்கிவிட்டது. இதை எத்தனை முறை தெளிக்க வேண்டும்? கடையில் இரும்புச் சீலேட் என்று ஒன்றும் சொல்கிறார்களே?

மண்வாசம்:
மிக்க மகிழ்ச்சி, அம்மா. இரும்பு இடம்பெயராது என்பதால் இன்று தெளித்தது நாளை வரும் தளிருக்குப் போய்ச் சேராது. புதுத் தளிர் பச்சையாகவே வரும் வரை மாதம் ஒருமுறை தெளியுங்கள். பூப்பறித்த பின், மொட்டில் கறை படாதவாறு பார்த்துக்கொள்ளுங்கள். சீலேட் என்பது இரும்பு எளிதில் இறுகிவிடாதபடி வேறொரு சேர்மத்தோடு பிணைத்த வடிவம். அதில் இடிடிஏ (EDTA) வகையை இந்த மண்ணில் இட்டால் நிலைக்காது, இலைக்கு மட்டும் சரி. மண்ணில் இடுவதானால் இடிடிஹெச்ஏ (EDDHA) வகைதான் தாங்கும், விலை மிகுதி. அடுத்த கவாத்தின்போது செடிக்கு 10 கிலோ மக்கிய தொழுவுரம் இடுங்கள், மண் ஆய்வு முடிவு வரும் வரை டிஏபியை நிறுத்தி வையுங்கள். மண் எப்போதும் சொதசொதவென்று இருந்தால் இந்த மஞ்சள் கூடும் என்பதால், சொட்டுநீர் விடும் நேரத்தையும் சற்றுக் குறைத்துக்கொள்ளுங்கள்.