திரைக்கு அந்தப் பக்கம்: ஜோர்டானில் நாங்கள் இருவர்

அரபு நாட்டுக்கு இரண்டு பெண்கள் மட்டும் சுற்றுலா போகலாமா என்று கேட்டிருந்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். நானும் என் கல்லூரித் தோழியும் ஒரு அக்டோபர் மாதம் ஜோர்டானில் பத்து நாள் சுற்றினோம். இருவருக்கும் சொந்த ஊர் திருச்சி, வயது முப்பதைத் தாண்டிவிட்டது. கிளம்பும்போது இரண்டு வீட்டிலும் ஒரே கேள்விதான். "கூட ஒரு ஆம்பளை இல்லாம எப்படிம்மா?" போய் வந்த பிறகு எனக்குத் தோன்றுவது நேர் எதிரானது. கூட ஓர் ஆண் வந்திருந்தால் நாங்கள் பார்த்ததில் பாதியைப் பார்த்திருக்க மாட்டோம்.

முதலில் செலவு விஷயம். ஜோர்டான் பாஸ் என்று ஒன்று இருக்கிறது, அதை ஊரிலிருந்தே இணையத்தில் வாங்கிவிடுங்கள். நாங்கள் வாங்கியது 70 தினார். பாறையில் குடைந்த பழைய நகரமான பெட்ராவுக்கு ஒரு நாள் நுழைவும் அதில் அடக்கம், மூன்று இரவு தங்கினால் 40 தினார் விசா கட்டணமும் கிடையாது. உடை விஷயத்தில் சுடிதாரும் துப்பட்டாவும் தாராளமாகப் போதும். தலையை மூடச் சொல்லி யாரும் கேட்கவில்லை.

தலைநகர் அம்மானிலிருந்து பெட்ராவுக்கு, அதாவது அதன் வாசலில் இருக்கும் வாதி மூசா என்ற ஊருக்கு, மினி பஸ்ஸில் போனோம். ஆள் நிறைந்தால்தான் வண்டி கிளம்பும். நாங்கள் ஏறியபோது இரண்டு இடம்தான் காலி. ஒன்று முன்னால், ஒன்று பின்னால், இரண்டுமே ஆண்களுக்குப் பக்கத்தில். நாங்கள் வாயே திறக்கவில்லை. கண்டக்டர் ஒரு பார்வை பார்த்தார், மூன்று பேர் எழுந்தார்கள், ஒருவர் பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் போனார், ஒரு பெரியவர் ஜன்னலோரத்தை விட்டுக்கொடுத்தார். அரை நிமிடத்தில் நாங்கள் சேர்ந்து உட்கார்ந்திருந்தோம். 'பெண்கள்' என்று பெயின்டில் எழுதிவைத்த சீட்டுக்கே தினமும் வாக்குவாதம் செய்து பழகிய எங்களுக்கு அது பெரிய விஷயம். காசு கொடுத்ததும் கண்டக்டர் மீதிச் சில்லறையைக் கையில் வைத்து "பாகி" என்றார். நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். நம்ம பாக்கி! வசூல், ரத்து, பாக்கி எல்லாம் அரபியிலிருந்து வந்த சொற்கள் என்று எங்கோ படித்ததுதான். ஆனால் அதைச் சொல்லிக்கொண்டே ஒருவர் கையில் சில்லறை வைக்கும்போது அது வேறு மாதிரி இருக்கிறது.

மறுநாள் காலை ஆறு மணிக்கு பெட்ராவின் வாசலில் நின்றோம். சீக் எனும் பாறை இடுக்கு 1.2 கிலோமீட்டர் நீளம். இரண்டு பக்கமும் செங்குத்தான பாறை, அடியில் நபத்தியர்கள், அதாவது பெட்ராவை உருவாக்கிய பழங்கால அரபு மக்கள், செதுக்கிய தண்ணீர்க் கால்வாய் கூடவே வருகிறது. கடைசி வளைவில் கஸ்னே கண்ணில் படுகிறது. கிட்டத்தட்ட 40 மீட்டர் உயரத்துக்கு ஒரே பாறையில் குடைந்த முகப்பு. உண்மையில் அது ஒரு கல்லறை. உச்சியில் இருக்கும் கல் கலசத்துக்குள் புதையல் இருக்கிறதென்று நம்பி பதூக்கள் எனும் பாலைவன நாடோடிகள் சுட்ட துப்பாக்கித் தழும்புகள் இன்னும் தெரிகின்றன. அந்த நம்பிக்கையால் வந்த பெயர்தான் கஸ்னே. அதுவும் நம்ம கஜானாதான்.

கூட்டம் வருவதற்குள் மேலே தேர், அதாவது மடாலயம், என்று பெயர் பெற்ற இன்னொரு பாறைக் குடைவுக்கு ஏறினோம். 800-க்கும் மேற்பட்ட படிகள். பாதி வழியில் பாசிமணி மாலைகளைப் பரப்பி உட்கார்ந்திருந்த ஓர் அம்மா, மூச்சு வாங்கிய என் தோழியைப் பார்த்து, பக்கத்தில் கல்லைத் தட்டி உட்காரச் சொன்னார். சின்னக் கண்ணாடி டம்ளரில் மரமிய்யா எனும் மூலிகை இலை போட்ட டீ, பாயசம் மாதிரி சர்க்கரை. காசு வாங்கவில்லை. பத்து வார்த்தை ஆங்கிலம், மீதி கை ஜாடை. எதிர்ப்பக்கம் ஒரு குகையைக் காட்டி, தான் பிறந்தது அங்கேதான் என்றார். பெட்ராவின் குகைகளில் குடியிருந்த ப்தூல் இனத்தாரை 1980-களில் அரசு உம் சைஹூன் என்ற ஊருக்கு மாற்றியது. அவருக்கும் இப்போது அங்கேதான் வீடு. "சாயங்காலம் வாங்க" என்றார். போனோம்.

அந்த வீட்டில் முன் அறை ஆண்களுக்கு. அதைத் தாண்டி நேராக உள்ளே அழைத்துப் போனார்கள். ஒரு ஆண் பயணி அந்த முன் அறையில் டீ குடித்துவிட்டுத் திரும்பியிருப்பான். உள்ளே ஏழெட்டுப் பெண்கள், தொட்டிலில் ஒரு குழந்தை, முற்றத்தில் விறகு அடுப்பு. கவிழ்த்துப் போட்ட இருப்புச் சட்டி மாதிரி ஒன்று, சாஜ் என்கிறார்கள். அந்த வீட்டுப் பெண் மாவு உருண்டையை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் மாற்றி மாற்றி வீசினாள். வீச்சு பரோட்டா போலவே விரிந்துகொண்டே போனது, ஆனால் எண்ணெய் கிடையாது. மறுபக்கம் தெரியும் அளவுக்கு மெலிந்ததும் சாஜின் மேல் போர்த்தினாள். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை, கொப்புளம் கொப்புளமாக எழும்பியது. கிழித்துத் தயிரில் தொட்டுத் தின்றோம். ஷ்ராக் என்று பெயர்.

அங்கேதான் அந்தச் சொல்லைக் கற்றுக்கொண்டோம். கல்லூரியில் படிக்கும் மகள் நன்றாக ஆங்கிலம் பேசுவாள். கண்ணுக்கு மை தீட்டிய இளைஞர்கள் சிலர் காலையில் கழுதையில் கூடவே வந்து தொல்லை கொடுத்ததைச் சொன்னோம். அவள் அம்மாவிடம் சொன்னாள். அந்த அம்மா சிரிக்கவில்லை. என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, "அய்ப் அலைக்" என்று சொல்லிக்காட்டினார். 'உனக்கு இது அசிங்கம்' என்று அர்த்தம். "மெதுவா சொல்லக் கூடாது. பக்கத்துல இருக்கறவங்களுக்குக் கேக்கணும்" என்று மகள் மொழிபெயர்த்தாள். எங்கள் இருவரையும் நாலைந்து தடவை சொல்ல வைத்த பிறகுதான் விட்டார்.

மூன்றாம் நாளே அது தேவைப்பட்டது. வாதி ரம் பாலைவனத்தில், செம்மணல் மேட்டிலிருந்து திரும்பும்போது ஜீப் ஓட்டியவர், முன் சீட்டில் இருந்த தோழியின் தொடைமேல் கை வைத்தார். கியர் போடும்போது பட்டது என்று முதலில் அவள் நினைத்தாளாம். இரண்டாவது தடவை கை அங்கேயே இருந்தது. "அய்ப் அலைக்!" அவள் கத்திய கத்தலில் நானே பயந்துவிட்டேன். கை சட்டென்று ஸ்டியரிங்குக்குப் போனது. நாங்கள் தங்கிய முகாம் வரும்வரை அந்த ஆள் எங்கள் பக்கம் திரும்பவில்லை. அவளுக்குக் கை நடுங்கிக்கொண்டே இருந்தது. "ஏன்டி முன்னாடி உக்காந்தேன்" என்று அவள் தன்னையே குறை சொன்னபோதுதான் எனக்குக் கோபம் அதிகமாக வந்தது. டாக்சியோ ஜீப்போ, பெண்கள் பின் சீட்டில் உட்காருவதுதான் அங்கே வழக்கம் என்று பிறகு தெரிந்தது. போகிறவர்கள் தெரிந்துகொள்ளுங்கள், ஆனால் தெரியாமல் முன்னால் உட்கார்ந்தவள்மேல் தப்பு இல்லை.

முகாமுக்குச் சற்றுத் தள்ளி முகாம்காரரின் அம்மா நிஜமான கூடாரத்தில் இருந்தார். கறுப்பு ஆட்டு முடியில் நெய்தது. மழை பட்டால் முடி உப்பி, நெசவின் இடைவெளியை அடைத்துவிடுமாம். நடுவில் ஒரு திரை. அந்தப் பக்கம் ஆண்களும் விருந்தாளிகளும், இந்தப் பக்கம் பெண்களும் அடுப்பும். நாங்கள் அந்தப் பக்கம் உட்கார்ந்து ஏலக்காய் மணக்கும் காபி குடித்தோம். போதும் என்றால் குட்டிக் கோப்பையை லேசாக ஆட்டித் திருப்பித் தர வேண்டும், இல்லாவிட்டால் ஊற்றிக்கொண்டே இருப்பார்கள். அப்புறம் திரையைத் தூக்கிக்கொண்டு இந்தப் பக்கம் வந்தோம். வெளியூர்ப் பெண்ணுக்கு மட்டும்தான் இரண்டு பக்கமும் திறந்திருக்கிறது.

பெண்கள் பக்கம் எல்லாருடைய கண்ணும் தோழியின் மெட்டிமேல்தான். காலில் மோதிரமா என்று ஒவ்வொருத்தியாகக் குனிந்து தொட்டுப் பார்த்தார்கள். கல்யாணம் ஆனதன் அடையாளம் என்றதும் அடுத்த கேள்வி, புருஷன் எங்கே? "வீட்ல பையனப் பாத்துக்கிறார்" என்று அவள் சொல்ல, உள்ளூர்ப் பெண் ஒருத்தி மொழிபெயர்க்க, ஒரே சிரிப்பு. அந்தச் சூட்டில் ஜீப் விஷயத்தைச் சொன்னோம். சிரிப்பு அடங்கிவிட்டது. அந்த அம்மா எழுந்து திரைக்கு அப்பால் மகனைக் கூப்பிட்டார். என்ன பேசினார் என்று புரியவில்லை, 'அய்ப்' மட்டும் நாலைந்து முறை காதில் விழுந்தது. மறுநாள் காலை வேறு ஒருவர் ஜீப் ஓட்டினார், முன் சீட்டில் அந்த அம்மாவே ஏறிக்கொண்டார்.

சாக்கடலில் மிதந்தது, மாதபா தேவாலயத் தரையில் 6-ஆம் நூற்றாண்டு வரைபடம் பார்த்தது பற்றியெல்லாம் எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் கடைசியாக ஒன்றைச் சொல்ல வேண்டும்.

அம்மானுக்குத் திரும்பி ஒரு ஓட்டலுக்குள் நுழைந்தபோது, வரவேற்பில் இருந்தவர் எங்கள் நிறத்தைப் பார்த்துவிட்டு, "உங்க மேடம் எங்கே?" என்று கேட்டார். வீட்டு வேலைக்கு வந்தவர்கள் என்று நினைத்துவிட்டார். பாஸ்போர்ட்டைக் காட்டியதும் மன்னிப்புக் கேட்டார். ஆனால் அன்று முழுக்க மனசு சரியில்லை. மறுநாள் வெள்ளிக்கிழமை, நகரின் ஜபல் அம்மான் பகுதியில் ஒரு சின்ன மளிகைக் கடையில் தேங்காய்ப் பால் மாவு பாக்கெட்டைப் பார்த்துத் தமிழில் பேசிக்கொண்டிருந்தோம். பின்னாலிருந்து ஒரு பெண் குரல். "தங்கச்சி, எங்க இருந்து வாறீங்க?" மட்டக்களப்புக்காரர். ஒன்பது வருடமாக ஒரு வீட்டில் வேலை. வெள்ளிக்கிழமைகளில் இரண்டு மணி நேரம் வெளியே விடுவார்களாம்.

பெட்ரா படங்களைக் காட்டினேன். "இது இந்த நாட்டிலயா இருக்கு?" என்றார். அவர் பார்த்த ஜோர்டான் ஒரு சமையலறையும் இந்தத் தெருவும். கஸ்னேவைப் பெரிதாக்கிப் பார்த்தார், பிறகு உம் சைஹூன் முற்றத்தில் ரொட்டி வீசும் பெண்ணின் படத்தில் நின்றார். "நான் வேலை செய்யிற வீட்டுக் கிழவியும் இப்பிடித்தான் சுடுறவ, எனக்கும் பழக்கினவ." மறுபடி கஸ்னேவுக்குப் போனார். "இத என்ட மகளுக்கு அனுப்பி விடுவீங்களா? அம்மா இருக்கிற நாடு எப்பிடி எண்டு எப்பவும் கேக்கிறவள்."

கடையிலேயே நின்று அவர் எண் சொல்லச் சொல்ல, தோழி அனுப்பினாள். பத்துப் படங்கள்.